ஆட்டம் ஊருக்கு, ஆதாயம் யாருக்கு?

2025 ஜூலை 16-ந் தேதி மாலை, பெல்ஜியம் நாட்டில் போம் என்ற சிற்றூரில் ஒரு பிரம்மாண்டமான மேடை தீப்பற்றி எரிந்தது. 'டுமாரோலாந்து' என்ற மின்னணு நடன இசைத் திருவிழாவின் பிரதான மேடை அது. விழா தொடங்க இரண்டே நாட்கள் இருந்தன. அங்கே வேலையிலிருந்த ஏறத்தாழ ஆயிரம் பேர் அவசரமாக வெளியேற்றப்பட்டார்கள். நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை.

ஆனால் 18-ந் தேதி, குறித்த நாளில், விழா தொடங்கிவிட்டது. எரிந்து கருகிய சட்டங்களுக்கு முன்னால் வேறொரு மேடை எழுந்து நின்றது. 'மெட்டாலிகா' என்ற இசைக்குழுவின் மேடைச் சாமான்கள் கொண்டுவரப்பட்டு, இரவு பகலாக முடுக்கப்பட்டன. உலகம் வியந்தது, விழா நடத்துவோரின் துணிச்சலைப் புகழ்ந்தது.

நாம் கேட்கிறோம்: அந்த மேடையைத் தூக்கி நிறுத்திய கைகள் யாருடையவை? இரும்பைச் சுமந்தவர் யார்? கம்பி இழுத்தவர் யார்? அவர்களுடைய பெயர் எந்த விளம்பரத்தில் வந்தது?

"எங்கோ பெல்ஜியத்தில் யாரோ ஆடுகிறார்கள், ஆலைத் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் அதில் என்ன வேலை?" என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. இந்தத் திருவிழா வளர்ந்த கதை, உழைப்பாளியின் ஓய்வு நேரத்தைக்கூட முதலாளித்துவம் எப்படிச் சரக்காக்குகிறது என்ற கதை. ஆகவே பொறுமையாகப் படிக்கும்படி வேண்டுகிறோம்.

முதலில் இந்த இசை என்ன என்று சொல்லிவிடுவோம். இதற்கு வீணையும் வேண்டாம், மிருதங்கமும் வேண்டாம். யந்திரத்தில் பிறக்கும் தாளம் இது. தறி ஓடுவதுபோல் ஒரே சீராக, இடைவிடாமல் ஓடும். மேடையில் நிற்பவரை டி.ஜே. என்பார்கள். அவர் ஒரு பாட்டு முடியுமுன் அடுத்த பாட்டை அதோடு கோத்துக்கொண்டே போவார். கீழே கூட்டம் மணிக்கணக்கில் ஆடும்.

டுமாரோலாந்து 2005-ம் ஆண்டு ஆகஸ்டில், ஒரே ஒரு நாள் விழாவாகத் தொடங்கியது. அன்று வந்தவர்கள் சுமார் பத்தாயிரம் பேர். 2012-ல் கூட்டம் சுமார் 1,80,000. 2014-ல் இரண்டு வார இறுதிகளில் 3,60,000. 2017-ல் நான்கு லட்சம். 2022-ல் மூன்று வார இறுதிகளில் ஆறு லட்சம். போம் ஊரின் மொத்த ஜனத்தொகையோ சுமார் 18,000 தான்! பிரேஸிலிலும், பிரான்சின் ஆல்ப்ஸ் மலையிலும் இதன் கிளைகள் முளைத்தன. சீட்டு விற்பனை தொடங்கினால் சில நிமிஷங்களில் தீர்ந்துபோகிறது.

இந்த விழா நடக்கும் இடம் எது? அதைத்தான் நம் வாசகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

அது ஒரு களிமண் குழி. ரூபெல் நதிக்கரையிலுள்ள போமும் அக்கம்பக்கத்து ஊர்களும் தலைமுறை தலைமுறையாகச் செங்கல் அறுத்த ஊர்கள். ஆண்கள் மண் வெட்டினார்கள், கல் அறுத்தார்கள். பெண்களும் குழந்தைகளும் ஈரக்கல்லை எடுத்துச் சென்று காயவைத்தார்கள். குடியிருந்த வீடு பல இடங்களில் சூளை முதலாளிக்குச் சொந்தம். சாமான் வாங்கும் கடையும் அவனுக்கோ அவனைச் சேர்ந்தவனுக்கோ சொந்தம். வலது கையால் கொடுத்த கூலியை இடது கையால் பிடுங்கிக்கொள்ளும் ஏற்பாடு! செங்கல் சூளையையும் முன்பணக் கடனையும் கண்ணால் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1886-ல் பெல்ஜியத் தொழிலாளர்கள் பொங்கி எழுந்தார்கள். அதன் பிறகே, 1887-ல், கூலியைச் சரக்காகக் கொடுக்கும் முறையைத் தடைசெய்து சட்டம் வந்தது.

பின்னாளில் சூளைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மண் வெட்டிய பள்ளங்களில் நீர் நிறைந்தது, மரம் வளர்ந்தது. அது 'டி ஸ்கோர' என்ற பெயரில் மாகாண சர்க்காரின் பொதுப் பூங்காவாயிற்று. பாட்டன் மண்வெட்டியால் தோண்டிய அந்தப் பள்ளத்தில்தான் இன்று மேடை போட்டு ஆடுகிறார்கள்.

ஆடட்டும். ஆனால் ஒரு விசேஷத்தைக் கேளுங்கள். இந்த விழாவுக்குள் ஐரோப்பிய நாணயமான யூரோ செல்லாது. வருகிறவர் தன் பணத்தை 'முத்து' என்ற விழா நாணயமாக மாற்றி, கையில் கட்டிய பட்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். தண்ணீரோ, சாப்பாடோ, பீரோ, எல்லாவற்றுக்கும் முத்துதான். வேலிக்கு வெளியே அந்த முத்துக்கு மதிப்பில்லை. சூளை முதலாளியின் கடைக்கணக்கு அன்று தொழிலாளியின் கூலியைப் பிடித்தது. இன்று அதே குழியில், அலங்காரப் பெயர் சூட்டிக்கொண்டு, ஆட வந்தவரின் பணத்தைப் பிடிக்கிறது. அன்றையதற்குப் பட்டினியின் கட்டாயம் இருந்தது. இன்றையதற்கு அது இல்லை என்பது வாஸ்தவம். ஆனால் பூட்டு ஒரே மாதிரிப் பூட்டுதான்.

சரி, இந்த இசையையாவது முதலாளி படைத்தானா? அதுவும் இல்லை.

அமெரிக்காவில் டெட்ராய்ட் என்பது மோட்டார் ஆலை நகரம். தெற்கிலிருந்து வந்த நீக்ரோ மக்கள், இன்று தம்மைக் கறுப்பின மக்கள் என்று அழைத்துக்கொள்பவர்கள், அந்த ஆலைகளில் உழைத்தார்கள். பிறகு ஆலைகள் இடம் பெயர்ந்தன, ஆட்குறைப்பு வந்தது. 1950-ல் பதினெட்டரை லட்சமாக இருந்த நகர ஜனத்தொகை 2020-ல் ஆறு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் கீழே விழுந்தது. அந்தச் சரிவின் நடுவில், 1980-களில், ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று கறுப்பின இளைஞர்கள் சேர்ந்து 'டெக்னோ' என்ற இசையை உருவாக்கினார்கள். சிகாகோவில் 1977 முதல் 'வேர்ஹவுஸ்' என்ற நடனக்கூடத்தில் ஃபிராங்கி நக்கிள்ஸ் வாசித்ததிலிருந்து 'ஹவுஸ்' இசை பிறந்தது. ரோலண்ட் என்ற ஜப்பான் கம்பெனி செய்து, விலைபோகாமல் கைவிட்ட ஓர் இசை யந்திரம் பழைய சாமான் விலைக்குக் கிடைத்தது. ஏழைப் பிள்ளைகள் அதை வாங்கித் திருகித் திருகிப் புது ஓசை கண்டார்கள். முதலாளி குப்பை என்று எறிந்ததை உழைப்பாளியின் பிள்ளை கலையாக்கினான்!

டெட்ராய்ட் மக்கள் 2000-ம் ஆண்டில் நகரின் நடுச் சதுக்கத்தில் தங்கள் இசைக்கு ஒரு விழா எடுத்தார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. யாரும் வரலாம், யாரும் ஆடலாம். 2005-ல் அதற்கும் கட்டணம் வந்தது. அதே 2005-ல்தான் போமில் முதல் டுமாரோலாந்து நடந்தது.

இங்கிலாந்தின் கதையும் இதுவே. 1992 மே மாதத்தில் காஸில்மார்ட்டன் என்ற பொதுவெளியில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் ஒரு வாரம் இலவசமாகக் கூடி ஆடினார்கள். கன்ஸர்வேடிவ் சர்க்கார் பதறிப்போயிற்று. 1994-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. திறந்தவெளியில் இரவில் நூறு பேர் கூடி, திரும்பத் திரும்ப ஒலிக்கும் தாளத்துக்கு ஆடினால் கலைக்கப் போலீசுக்கு அதிகாரம் கொடுத்தது. லைசென்ஸ் வாங்கிய கொட்டகைக்கு இந்தத் தடை இல்லை! ஆகவே குற்றம் தாளத்தில் இல்லை. காசு வாங்காமல் ஆடியதில்தான் இருந்தது.

வேலி போட்டாயிற்று, வாசலில் கல்லாப்பெட்டி வைத்தாயிற்று. பிறகு பெருமூலதனம் வராமல் இருக்குமா? எஸ்.எஃப்.எக்ஸ். என்ற அமெரிக்கக் கம்பெனி இத்தகைய விழாக்களை வாங்கிக் குவித்தது. டுமாரோலாந்தின் தொடக்கத்தில் பங்கு கொண்ட டச்சுக் கம்பெனியையும் வாங்கியது. 2013 அக்டோபரில் பங்குச் சந்தையில் 26 கோடி டாலர் திரட்டியது. அமெரிக்காவில் ஜார்ஜியா ராஜ்யத்தில் 'டுமாரோவேர்ல்டு' என்ற விழாவையும் நடத்தியது. 2015 செப்டம்பரில் அங்கே மழை பெய்து பாதைகள் சேறாயின. வண்டிகள் வரவில்லை. ஆயிரக்கணக்கானோர் இருட்டில் மைல்கணக்கில் நடந்தார்கள், சாலையோரத்தில் படுத்தார்கள். 2016 பிப்ரவரியில் அந்தக் கம்பெனி திவாலாயிற்று.

மூலதனம் பாடம் கற்றதா? இல்லை, இன்னும் பெரிய கை வந்தது. டுமாரோலாந்தை அதன் ஸ்தாபகர்களான பேர்ஸ் சகோதரர்களே வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த டச்சுக் கம்பெனி உட்பட எண்பதுக்கும் மேற்பட்ட விழாக்களைக் கையில் வைத்திருந்த நிறுவனத்தை, 2024-ல் கே.கே.ஆர். என்ற அமெரிக்க நிதி ஏகபோகம் சுமார் 130 கோடி யூரோவுக்கு வாங்கிவிட்டது. இஸ்ரேலோடு தொடர்புடைய அதன் முதலீடுகளைக் கண்டித்து, 2025-ல் லண்டனில் நடந்த ஒரு விழாவிலிருந்து பல கலைஞர்கள் விலகிக்கொண்டார்கள். பாலஸ்தீன மக்களுக்காகத் தங்கள் ஊதியத்தை உதறிய அந்தக் கலைஞர்களை நாம் வணங்குகிறோம்.

விழா வளர்ச்சிக்கு மக்கள் கொடுத்த விலை பணம் மட்டுமல்ல. ஜெர்மனியில் 'லவ் பரேட்' என்ற ஊர்வலம் 1989-ல் பெர்லினில் சுமார் 150 பேரோடு தொடங்கியது. பத்தே ஆண்டில் லட்சோபலட்சமாகப் பெருகியது. பின்னர் ஓர் உடற்பயிற்சிக்கூட முதலாளியின் கைக்குப் போயிற்று. அனுமதி இலவசம்தான், அவனுக்கு வேண்டியது விளம்பரம். 2010 ஜூலை 24-ந் தேதி, உருக்காலை நகரமான டூயிஸ்பர்கில், பழைய சரக்கு ரயில் முற்றத்தில் விழா வைத்தார்கள். சுரங்கப்பாதை வழியாக வந்து சேரும் ஒரே சரிவுப்பாதையில் உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் முட்டிக்கொண்டார்கள். 21 பேர் நசுங்கி மாண்டார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். வழக்கு 2017-ல் தொடங்கி, 2020-ல் தீர்ப்பே இல்லாமல் முடிந்தது. குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள் கம்பெனி ஊழியர்களும் நகரசபை ஊழியர்களும். முதலாளியும் மேயரும் சாட்சி சொல்ல மட்டும் வந்தார்கள்!

இதையெல்லாம் சொல்வதால் நாம் ஆட்டத்துக்கு விரோதிகள் என்று யாரும் நினைக்க வேண்டாம். இளைஞர்கள் ஆடுவதைக் கண்டு 'கலாச்சாரம் கெட்டது' என்று கூப்பாடு போடுகிறவர்களோடு நமக்கு உறவில்லை. நடவு வயலில் பாட்டு, அறுவடை முடிந்தால் கும்மி, திருவிழாவில் பறை என்று வாழ்ந்தவர்கள் நாம். நாளெல்லாம் முதுகொடிய உழைத்தவனுக்கு ஆடிப்பாட உரிமை உண்டு. பூரண உரிமை உண்டு.

அந்த உரிமையை வாங்கிக் கொடுத்தது யார் என்பதைத்தான் மறக்கக் கூடாது. போம் ஊருக்கு வடக்கே இருக்கிறது ஆன்ட்வெர்ப் துறைமுகம். 1936 ஜூனில் அந்தத் துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நாடு முழுவதும் சுமார் ஐந்து லட்சம் பேர் பின்தொடர்ந்தார்கள். அடுத்த மாதமே, ஜூலை 8-ந் தேதி, ஆண்டுக்கு ஆறு நாள் சம்பளத்துடன் விடுமுறை என்ற சட்டம் நிறைவேறியது. பெல்ஜியத் தொழிலாளி ஒருவன் ஜூலை மாதத்தில் கவலையின்றி ஆடப் போகிறான் என்றால், அந்த நாட்களை அவனுக்குப் பரிசளித்தது மேடை முதலாளி அல்ல. சங்கம் பரிசளித்தது. வேலைநிறுத்தம் பரிசளித்தது. ஓய்வை வென்றவன் தொழிலாளி. அதைச் சுற்றி வேலி போட்டு அவனுக்கே திருப்பி விற்பவன் முதலாளி.

இந்த வியாபாரம் நம் நாட்டுக்கும் வந்தாயிற்று. 2007-ல் கோவா கடற்கரையில் 'சன்பர்ன்' என்ற விழா தொடங்கியது. கடற்கரை பொதுச் சொத்து. காவல் நிற்கும் போலீசுக்குச் சம்பளம் கொடுப்பது பொதுப்பணம். எனவே இத்தகைய விழா எங்கு நடந்தாலும் நாம் கோருவது இதுதான்:

மேடை கட்டுகிறவர், குப்பை அள்ளுகிறவர், காவல் நிற்கிறவர் எல்லோருக்கும் எழுத்துமூலமான ஒப்பந்தமும் முழுக் கூலியும் வேண்டும். 'தொண்டர்' என்று பெயர் சூட்டி, சாப்பாட்டுக்கும் நுழைவுச் சீட்டுக்கும் வேலை வாங்கும் தந்திரம் ஒழிய வேண்டும். கூட்டத்தின் பாதுகாப்பைக் கம்பெனி மட்டும் தீர்மானிக்கக் கூடாது. தொழிலாளர் பிரதிநிதிக்கும் அதில் அதிகாரம் வேண்டும். பொது நிலத்தில் நடக்கும் விழாவில் பொது ஜனங்களுக்கு இடம் வேண்டும்.

நம் கோரிக்கை இதோடு நிற்காது. நம் நாட்டில் விவசாயக் கூலி ஒரு நாள் வயலுக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போயிற்று. பொங்கல் நாளும் அவளுக்குக் கூலியில்லா நாள்தான். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமையே கனவாக இருக்கிறது. எட்டு மணி வேலை, சம்பளத்துடன் விடுமுறை, குடியிருப்புக்கு ஒரு மைதானம், ஒரு படிப்பகம், ஒரு மேடை. இவை சலுகைகள் அல்ல; நம் உழைப்பின் பாக்கி.

தோழர்களே! போம் ஊரில் எரிந்த மேடையை இரண்டு நாளில் மீண்டும் எழுப்பியது உழைக்கும் கைகள். அந்தக் கைகள் ஒன்றுசேர்ந்தால் மேடை மட்டும்தானா எழும்? சங்கத்தில் சேருங்கள். ஓய்வுக்காகவும் போராடுங்கள். ஆட்டமும் நமதாகட்டும், அதன் பலனும் நமதாகட்டும்!