சிலோனில் இருந்து வந்த தகரப் பெட்டிகள்: நீலகிரியில் அழியும் ஆவணங்களை யார் காப்பாற்றுவது?

குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கம் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில், பெரியவர்கள் இருக்கிற பல வீடுகளில் இன்னும் ஒரு பழைய தகரப் பெட்டி இருக்கிறது. உள்ளே பழைய பாஸ்போர்ட், இலங்கைப் பிறப்புச் சான்றிதழ், தோட்டத்துச் சம்பளச் சீட்டு, ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். “பழைய பேப்பர்தானே, தூக்கிப் போடலாம்” என்று பேரப்பிள்ளைகளுக்குத் தோன்றலாம். ஆனால் இவற்றைப் பதிவு செய்து பாதுகாப்பதை அரசு இனியும் தள்ளிப்போடக் கூடாது.

யார் இவர்கள்?

19-ம் நூற்றாண்டில் தமிழகத்தின் கிராமங்களில் இருந்து இலங்கையின் காபி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் வாரிசுகள். இவர்கள் தலைவிதியை ஆரம்பத்தில் இருந்தே காகிதம்தான் தீர்மானித்தது. கங்காணியிடம் வாங்கிய கடனை அடைத்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்று கட்டிப்போட்டது ‘துண்டு’ என்ற சீட்டு. அந்த முறை 1921-ல் ஒழிந்தது.

அடுத்து 1948. சுதந்திர இலங்கையின் குடியுரிமைச் சட்டம், அங்கே பிறந்தால் மட்டும் போதாது, தந்தை வழியில் முன்னோரும் அங்கே பிறந்ததை நிரூபிக்க வேண்டும் என்றது. பிறப்புப் பதிவே ஒழுங்காக நடக்காத லயங்களில் தாத்தாவின் சான்றிதழுக்கு எங்கே போவது? சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள்.

1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் சுமார் 9.75 லட்சம் பேரைப் பங்கு போட்டது. இந்தியாவுக்கு 5.25 லட்சம், இலங்கைக்கு 3 லட்சம். மீதி 1.5 லட்சம் பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். “உங்களுக்கு எந்த நாடு வேணும்?” என்று அந்த மக்களைக் கேட்டு இந்த எண்கள் முடிவாகவில்லை.

அழுகைக் கோச்சி

தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலுக்கு மலையக மக்கள் வைத்த பெயர் ‘அழுகைக் கோச்சி’. ஏறியவர்களும் அழுதார்கள், வழியனுப்பியவர்களும் அழுதார்கள். அங்கிருந்து கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம். 1977 கலவரத்தில் தோட்டங்களிலும் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். 1983 ஜூலைக்குப் பிறகு நிலைமை இன்னும் மோசமானது, கப்பல் போக்குவரத்தும் நின்றது.

வந்தவர்கள் கையில் இருந்த முக்கியமான காகிதம் ‘குடும்ப அட்டை’. இது ரேஷன் கார்டு இல்லை. இலங்கையில் இருந்த இந்தியத் தூதரகம் வழங்கியது. மறுவாழ்வு உதவிக்கு இதுதான் ஆதாரம். இவர்களுக்கு வேலை தருவதற்காக 1968-ல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம்தான் பின்னாளில் ‘டான்டீ’ நிறுவனம் ஆனது. நீலகிரியில் பல சரிவுகளில் இன்று தெரியும் பச்சை இவர்கள் நட்டது.

இப்போது என்ன அவசரம்?

முதல் காரணம் வயது. 1970-ல் 20 வயதில் வந்தவருக்கு இன்று 75 தாண்டிவிட்டது. எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், படத்தில் நிற்கிற இன்னொரு பிள்ளை யார் என்று சொல்லக்கூடிய கடைசித் தலைமுறை இதுதான்.

இரண்டாவது காரணம் இடம். 2022-ல் டான்டீ நிலத்தில் 2,150 ஹெக்டேருக்கு மேல் வனத்துறையிடம் திருப்பி ஒப்படைக்க அரசு முடிவெடுத்தது. ஓய்வு பெற்ற தொழிலாளர்கள் குடியிருப்பைக் காலி செய்யும் பிரச்சினையும் நீண்டுகொண்டே போகிறது. வீடு மாறும்போதுதான் பெட்டி தொலைகிறது. மலைக்காற்றின் ஈரமும் பூஞ்சையும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

மூன்றாவது காரணம் உரிமை. ஒப்பந்தத்தில் வராமல், பிறகு அகதியாக வந்து முகாமில் தங்கிவிட்ட மலையகத் தமிழர்களும் உண்டு. இப்படிச் சிலர் தொடர்ந்த வழக்கில், அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று 2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. ‘இந்திய வம்சாவளி’ என்பதை எதை வைத்துக் காட்டுவது? இதே மாதிரிக் காகிதங்களை வைத்துத்தான். ஊட்டியில் ஒரு பெட்டியில் கிடக்கும் பெரியப்பாவின் பாஸ்போர்ட், முகாமில் இருக்கும் தம்பி மகனுக்கு ஆதாரமாகலாம்.

உலகம் என்ன செய்கிறது?

ஜெர்மனியில் உள்ள ஆரோல்சன் ஆவணகத்தில் நாஜி கொடுமைக்கு ஆளானவர்கள் பற்றிய சுமார் 3 கோடி ஆவணங்கள் இருக்கின்றன. வதைமுகாம் கைதிகளிடம் பறித்த கைக்கடிகாரம், மோதிரம், பர்ஸ், குடும்பப் படங்களை வாரிசுகளைத் தேடித் திருப்பிக் கொடுக்கும் திட்டத்தை அது 2016-ல் தொடங்கியது. யூதப் படுகொலையில் தப்பியவர்கள் வீட்டில் வைத்திருக்கும் கடிதம், டைரி, பொம்மைகளைச் சேகரிக்க இஸ்ரேலின் யாத் வாஷேம் நினைவகம் 2011-ல் தனி இயக்கமே நடத்தியது.

இரண்டு வரலாறும் ஒன்றல்ல. அந்தப் படுகொலையோடு எதையும் ஒப்பிடத் தேவையில்லை. ஆனால் சாதாரண மனிதரின் பர்ஸுக்குள் இருந்த படமும் வரலாற்று ஆவணம்தான் என்ற புரிதலை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். இலங்கையில் கம்பளை அருகே ஓல்ட் பீகாக் தோட்டத்தில் ஒரு லயமே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக இருக்கிறது. நம் பக்கம், கோத்தகிரி கன்னேரிமுக்கில் ஆங்கிலேய கலெக்டர் ஜான் சல்லிவனின் பங்களாவைப் புதுப்பித்து நினைவகமாக்கி இருக்கிறார்கள். நல்ல விஷயம். அதே மலையில் கொழுந்து பறித்த கைகளுக்கும் ஒரு அறை ஒதுக்கலாமே?

“அரசிடம்தான் பதிவு இருக்கிறதே” என்று சிலர் கேட்கலாம். அரசுக் கோப்பில் இருப்பது பெயரும் எண்ணும். அழுகைக் கோச்சியில் பிரிந்த அக்கா எழுதிய கடிதம் அங்கே இருக்காது. “ஒரிஜினலை வாங்கிட்டுப் போனா திரும்பி வருமா?” என்ற பயம் பெரியவர்களுக்கு உண்டு. அது நியாயமான பயம்.

அதனால் எதையும் வாங்கிக்கொண்டு போகக் கூடாது. தாலுகாவுக்கு ஒரு ஸ்கேன் முகாம் போட்டு, ஒரிஜினலை அங்கேயே கையில் திருப்பிக் கொடுத்து, ஒரு டிஜிட்டல் நகலும் குடும்பத்துக்குத் தர வேண்டும். பெரியவர் சொல்வதை ஆடியோவாகப் பதிய வேண்டும். தனிப்பட்ட விவரங்கள் குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் இணையத்துக்கு வரக் கூடாது. தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்தால் பெரிய செலவில்லாமல் இதைச் செய்யலாம்.

அரசு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. கோவை, திருப்பூர், சென்னை என்று வேலைக்கு வந்துவிட்ட பேரப்பிள்ளைகள் அடுத்த லீவுக்குப் போகும்போது பெட்டியைத் திறக்கலாம். ஒவ்வொரு காகிதத்தையும் இரண்டு பக்கமும், பகல் வெளிச்சத்தில், மடிப்பு தெரியும்படி போனில் படம் எடுங்கள். லேமினேஷன் மட்டும் வேண்டாம், அது காகிதத்தைக் கெடுக்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. நகலை இரண்டு மூன்று இடங்களில் சேமியுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயரை அப்பாயியிடம் கேட்டு அப்போதே எழுதிவையுங்கள். அவர் சொல்லாமல் போய்விட்டால், அந்தப் பெயர்களை வேறு யாரிடமும் கேட்க முடியாது.