காட்டை ஒட்டாத கொல்லை ஏதுங்க?

கல்வராயன் மலையில நாட்டுத் துப்பாக்கி பறிமுதல்னு பேப்பர்ல பாத்ததும், வேட்டைக் கும்பல்னு முடிவு கட்டிடுறீங்க. ஒரே ராத்திரியில காட்டுப்பன்னி கிளறிப் போட்ட மரவள்ளிக் கொல்லையை யாரும் போட்டோ எடுக்கிறதில்ல.

1959 ஆயுதச் சட்டத்துலயே, குழல்வாயில மருந்து இடிச்சுச் சுடுற துப்பாக்கிக்குப் பயிர்க் காவல் லைசென்ஸ் உண்டு. கேட்டு நடந்து பாருங்க, செருப்புதான் தேயும். அப்புறம் மலைக்காரன் கள்ளத்தனமா ஒண்ணு செஞ்சு வாங்குறான். அது வெடிச்சா போறது அவன் கைதான்.

2025 ஜனவரியில அரசு அறிவிச்சுது: காப்புக்காட்டுக்கு 3 கிலோமீட்டர் தாண்டி வர்ற பன்னியை வனத்துறை சுடுமாம். 1 கிலோமீட்டருக்குள்ள சுடக்கூடாதாம். மலைமேல பாதிக் கொல்லைக்கு வரப்பே காடுதான்! (பன்னிக்குக் கிலோமீட்டர் கல்லு படிக்கத் தெரியும்போல.)

கேரளாவுல 2022லயே பஞ்சாயத்துத் தலைவருக்கு அதிகாரம் கொடுத்துட்டாங்க. லைசென்ஸ் துப்பாக்கிக்காரரை வச்சுச் சுடலாம். இங்கயும் அதைக் கொடுங்க, பயிர்க்காவல் லைசென்ஸையும் கொடுங்க. அதுக்கப்புறம் கள்ளத் துப்பாக்கி வச்சிருக்கிறவனைப் பிடிங்க, நானே சாட்சிக்கு வர்றேன்.