அணிசேர்ந்த நாடு, அணிசேரா நாடு: ஒரு பாடக்குறிப்பின் போதாமை

சென்ற வாரம் இளங்கலை மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும் வாய்ப்புக் கிடைத்தது. விடுதலைக்குப் பிந்தைய இந்திய, பாகிஸ்தானிய வெளியுறவுக் கொள்கைகளை ஒப்பிடுவது பாடம். வழக்கம்போலக் கரும்பலகையில் இரண்டு கட்டங்கள் வரைந்தேன். ஒன்றில் ‘அணிசேரா நாடு’ என்றும் மற்றொன்றில் ‘அணிசேர்ந்த நாடு’ என்றும் எழுதினேன். மாணவி ஒருவர் எழுந்து கேட்டார்: “1971இல் சோவியத் ஒன்றியத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகும் இந்தியா எப்படி முதல் கட்டத்திலேயே இருக்கிறது?” பாடநூல் தரும் விடையைச் சொன்னேன். அது அவருக்கும் நிறைவளிக்கவில்லை, எனக்கும் நிறைவளிக்கவில்லை.

மொழியியல் பயின்ற கண்ணுக்கு ‘அணிசேராமை’ ஓர் எதிர்மறைத் தொழிற்பெயர். ஒரு நாடு எதைச் செய்யவில்லை என்பதை அது சொல்லும். எதைச் செய்தது என்பதைச் சொல்லாது. ஆயினும் நம் வகுப்பறைகளில் அச்சொல் ஒரு கொள்கையின் பெயராக அன்றி நற்சான்றாகவே வழங்குகிறது. அதனால் அதன் எதிர்ச்சொல் தானாகவே பழிச்சொல்லாகிவிடுகிறது.

நிகழ்ந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்ப்போம். 1947இல் பிரிக்கப்படாத இந்தியாவின் சொத்தில் 17.5 விழுக்காடு பாகிஸ்தானுக்கு ஒதுக்கப்பட்டது. ரொக்க இருப்பில் அதற்குரிய 75 கோடி ரூபாயில் 55 கோடியைக் காஷ்மீர்ப் போரை முன்னிட்டு இந்தியா நிறுத்திவைத்தது. காந்தியடிகள் உண்ணாநோன்பிருந்த 1948 சனவரியில்தான் அதை விடுவித்தது. பாகிஸ்தானின் கிழக்கு, மேற்குப் பகுதிகளுக்கு இடையே ஏறத்தாழ ஆயிரம் மைல் இந்திய நிலம் கிடந்தது. பன்மடங்கு பெரிய அண்டை நாட்டுக்கு அஞ்சிய அரசு படைக்கலம் தேடிப் போனது. 1954 மேயில் அமெரிக்காவுடன் பாதுகாப்பு உதவி ஒப்பந்தம், செப்டம்பரில் சீட்டோ, 1955இல் பாக்தாத் உடன்படிக்கை என அடுத்தடுத்துக் கையெழுத்திட்டது.

இந்தியா முதன்மையாகத் தேடியவை தானியமும் தொழில்நுட்பமும். 1956 முதல் பி.எல். 480 திட்டத்தின்கீழ் அமெரிக்கக் கோதுமை வந்தது. பிலாய் எஃகு ஆலைக்குச் சோவியத் ஒன்றியமும், ரூர்கேலாவுக்கு மேற்கு ஜெர்மனியும், துர்காப்பூருக்குப் பிரிட்டனும் உதவின. எம்முகாமிலும் சேராதிருந்தமையே இரு முகாம்களிடமிருந்தும் பெற வழி செய்தது. அக்கொள்கையில் அறம் இருந்தது, கணக்கும் இருந்தது. 1956இல் சூயெஸ் படையெடுப்பைக் கண்டித்த வேகத்தில் நாம் ஹங்கேரியில் நுழைந்த சோவியத் படையைக் கண்டிக்கவில்லை என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

நெருக்கடி வந்தபோது கட்டங்கள் இடம் மாறின. 1962 நவம்பரில் சீனப் படைகள் முன்னேறிய வேளையில், அமெரிக்கப் போர் விமானங்களை அனுப்புமாறு நேரு கென்னடிக்கு எழுதினார். 1963 மார்ச்சில், சீட்டோ உறுப்பு நாடான பாகிஸ்தான், எந்தச் சீனத்தைத் தடுக்க அவ்வமைப்பு உருவாக்கப்பட்டதோ அதே சீனத்துடன் எல்லை உடன்படிக்கை செய்துகொண்டது. 1965 போரின்போது அமெரிக்கா இரு நாடுகளுக்குமே படைக்கல உதவியை நிறுத்தியது; கூட்டாளி என்பதற்காகப் பாகிஸ்தானுக்குத் தனிச்சலுகை எதுவும் காட்டவில்லை. 1971 இந்திய-சோவியத் ஒப்பந்தத்தின் 4ஆம் பிரிவு அணிசேராக் கொள்கையை மதிப்பதாகக் கூறுகிறது. 9ஆம் பிரிவோ தாக்குதல் அச்சுறுத்தல் நேர்ந்தால் இரு நாடுகளும் உடனே கலந்தாலோசிக்கும் என்கிறது. 1979இல் சென்டோவிலிருந்து வெளியேறிய பாகிஸ்தான், அதே ஆண்டு அணிசேரா இயக்கத்தில் சேர்ந்தது.

அப்படியானால் இரு கொள்கைகளும் ஒன்றுதானா? இல்லை. ஆனால் அவற்றின் உண்மையான வேறுபாட்டை உலக அரங்கில் தேடுவதைவிட உள்நாட்டில் தேடுவதே பொருத்தம். இந்தியா 1951-52இலேயே முதல் பொதுத்தேர்தலை நடத்தியது. பாகிஸ்தான் 1970இல்தான் நடத்தியது. தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்புகள் வேரூன்றாத நாட்டில், வெளியிலிருந்து வந்த படை உதவி இராணுவத்தை மேலும் வலுப்படுத்தியது. 1958இல் அயூப் கான் ஆட்சியைக் கைப்பற்றியதற்கு அவ்வுதவி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன்; ஆனால் அதை விலக்கிவிட்டு அந்நிகழ்வை விளக்கவும் இயலாது.

இதில் சொல்லாராய்ச்சியைத் தாண்டிய ஒன்று இருக்கிறது. அண்டை நாட்டின் கொள்கையை அதன் குணமாகக் கற்பித்தால், அது மாறும் என்று மாணவர் எதிர்பார்க்கவே மாட்டார். அச்சமும் தேவையும் சூழலும் சேர்ந்து உருவாக்கியது எனக் கற்பித்தால், எவை மாறினால் அதுவும் மாறும் என்று கேட்பார். அவ்வாறு கேட்கத் தெரிந்த தலைமுறை இரு நாடுகளுக்கும் தேவை.

அடுத்த வகுப்பில் பழைய கட்டங்களை வரையப் போவதில்லை. மூன்று வினாக்களை மட்டும் எழுதுவேன். இந்நாடு எதற்கு அஞ்சியது? எதை நாடியது? அதற்காகச் செய்த தேர்வு உள்நாட்டில் யாரை வலுப்படுத்தியது? இப்பாடத்தை நடத்தும் நண்பர்கள் தம் அனுபவத்தைப் பகிர்ந்தால் மகிழ்வேன். மாற்றுக் கருத்திருந்தால் இன்னும் மகிழ்வேன்.