மாணவர் இசைப் பத்திரிகையும் அதன் வாசகரும்

பிரிட்டனில் ஊடகக் கல்வியைப் பாடமாகப் பயிலும் மேல்வகுப்பு மாணவர்களுக்கு, ஓ.சி.ஆர். என்னும் தேர்வு வாரியம் 2008-ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம், தெரிந்தெடுத்துக்கொள்ளத் தந்த செய்முறைப் பணிகளுள் ஒன்று, புதிய இசைப் பத்திரிகை ஒன்றைத் தாமே வடிவமைப்பதாகும். முதலில் பயிற்சிக்காகத் தம் பள்ளிக்கோ கல்லூரிக்கோ உரிய பத்திரிகையின் அட்டை ஒன்றை அமைத்துப் பார்த்து, அதன் பின்னர் இசைப் பத்திரிகையின் அட்டையையும், பொருளடக்கப் பக்கத்தையும், எதிரெதிரான இரு பக்கங்களில் விரியும் கட்டுரை ஒன்றையும், எழுத்தும் படமும் முற்றும் தம் சொந்தச் சிருஷ்டியாகவே இருக்கும்படி அவர்கள் ஆக்கித் தரவேண்டியிருந்தது. மொத்தம் 100 மதிப்பெண்ணில் ஆராய்ச்சிக்கும் திட்டத்துக்கும் 20, பக்கங்களுக்கு 60, எஞ்சிய 20 பணி முடிந்தபின் ஏழு வினாக்களுக்கு விடையாக மாணவர் எழுதும் சுயவிமரிசனத்துக்கு. அவ்வேழனுள் இரண்டு வாசகரைப் பற்றியவை: உன் பத்திரிகையை யார் படிப்பார் என்பது ஒன்று, அவரை நீ எவ்வாறு கவர்ந்தாய் என்பது மற்றொன்று.

அப்பாடத்திட்டம் மாறிவிட்டதாயினும் அப்பணியின் உருவம், பத்திரிகை வடிவமைப்பைக் கற்பிக்கும் நம்மவர் வகுப்புகள் உட்பட எத்தனையோ இடங்களில் இன்றும் நிலைத்திருக்கிறது. நான்கே பக்கங்களுக்குள் படமெடுத்தலையும் எழுதுதலையும் அச்செழுத்துத் தேர்வையும் பக்க அமைப்பையும் ஒருங்கே பயிற்றுவதற்கு இதனினும் சிறந்த ஒன்று எளிதில் அகப்படாது என்பதே நமது அபிப்பிராயம். ஆயினும் வாசகரைப் பற்றிய வினா, பக்கங்கள் முடிந்து மாணவர் களைத்திருக்கும் வேளையில் கேட்கப்படுவதால், அதற்கு வரும் விடை பெரும்பாலும் முடிந்த காரியத்துக்குப் பின்னாலிருந்து கற்பிக்கும் காரணமாகவே அமைந்துவிடுகிறது. பதினாறு முதல் இருபத்துநான்கு வயது வரையுள்ள, இண்டி இசையில் நாட்டமுடைய இருபாலரும் தம் வாசகர் என்றும், சிவப்பு வர்ணம் கண்ணைப் பறிக்கும் ஆதலால் தலைப்பைச் சிவப்பில் இட்டதாகவும், அட்டையிலுள்ள பாடகி நேரே நோக்குவதால் வாசகரோடு உறவு ஏற்படுவதாகவும் எழுதப்படும் வாக்கியங்களை எந்த அட்டையின் கீழ் வேண்டுமானாலும் ஒட்டிவிடலாம். அவற்றில் பொய் ஒன்றுமில்லை. எனினும் ஒரு வாசகரும் அவற்றில் இல்லை.

இத்தகைய அட்டை ஒன்றைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். மேலே இடது மூலையில் சிவப்புக் கட்டத்துக்குள் வெள்ளை எழுத்தில் பத்திரிகையின் பெயர். நடுவில், கிட்டாரை மார்போடு அணைத்தபடி நிற்கும் வகுப்புத் தோழி. இடப்புற ஓரத்தில் கட்டுரைத் தலைப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக. வலது கீழ் மூலையில் பார்கோடும் அதனருகே விலையும். எல்லாம் நேர்த்தியாகத்தான் இருக்கின்றன. ஆனால் இவ்வமைப்பின் ஒவ்வோர் உறுப்பும் கடைத்தட்டு என்னும் ஒரே நிர்ப்பந்தத்திலிருந்து பிறந்தது. தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரித்து அடுக்கிய பத்திரிகைகளில் இடப்புறத்து மூன்றிலொரு பங்கோ மேல்விளிம்போ மட்டுமே வெளியே தெரியும் என்பதனாலன்றோ பெயரும் முக்கியத் தலைப்புகளும் அங்கே குடியேறின! டேவிட் ஹெப்வொர்த்தும் மார்க் எல்லனும் 1986-இல் தொடங்கிய ‘கியூ’ (Q) பத்திரிகையின் ஒற்றை எழுத்துப் பெயர், சிவப்புக் கட்டத்துக்குள் அந்த மூலையில் அமர்ந்து எட்டத்திலிருந்தே தன்னை அறிவித்தது. சிறுவயது கடந்து, கையில் சிறிது பணமும் வீட்டில் சி.டி. கருவியும் உடையவராய், பழைய இசைத்தட்டுகளைப் புதிய வடிவில் மறுபடியும் வாங்கிக்கொண்டிருந்த ரஸிகர்களைக் கண்டறிந்து, அவர்களுக்கென்றே நடத்தப்பெற்ற பத்திரிகை அது. 2020-இல் அது நின்றுவிட்டது. தம் பக்கங்களை ஒருநாளும் கடைத்தட்டில் வைக்கப்போகாத மாணவர் அந்தக் கட்டத்தை எடுத்துக்கொள்ளும்போது, அதைப் பிறப்பித்த காரணத்தை விட்டுவிட்டே எடுத்துக்கொள்கிறார். கல்லூரி உணவகத்து மேசையிலோ கச்சேரி நடக்கும் கூடத்தின் வாயிலிலோ கைக்குக் கை மாறப்போகும் பத்திரிகைக்கு வேறு நிர்ப்பந்தங்கள் உண்டு. அவற்றை அவரே தேடிக் காணும்படி செய்வதுதான் ஆசிரியரின் வேலை.

ஸம்பிரதாயத்தைக் கற்பிக்க வேண்டாம் என்பது நம் கருத்தன்று. ஒவ்வொரு ஸம்பிரதாயமும் எந்த வாசகரின் எந்தத் தேவைக்கு விடையாக எழுந்தது என்பதோடு சேர்த்துக் கற்பித்தால், மாணவர் அதைக் கைக்கொள்வதற்கும் கைவிடுவதற்கும் உரிமை பெறுகிறார் என்பதே கருத்து. 1952-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் தேதி ‘நியூ மியூஸிக்கல் எக்ஸ்பிரஸ்’ பிரிட்டனின் முதல் இசைத்தட்டு விற்பனை வரிசைப் பட்டியலை வெளியிட்டபோது, அதைத் தொகுப்பதற்காகப் பெர்ஸி டிக்கின்ஸ் என்பவர் சுமார் இருபது இசைத்தட்டுக் கடைகளுக்குத் தொலைபேசியில் பேசி, எந்தத் தட்டு எவ்வளவு விலைபோகிறது என்று விசாரித்தார். தாம் வாங்கிய தட்டு எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று வாசகர் வாரந்தோறும் தேடிப் பார்த்த அந்தப் பட்டியல், அவர் செய்த காரியத்தையே அவருக்குத் திருப்பிக் காட்டிய பகுதியாகும். அதே பத்திரிகையின் ஆசிரியராக முன்பு இருந்த நிக் லோகன் 1978-இல் ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ பத்திரிகையைத் தொடங்கியபோது, வானொலியில் கேட்ட பாட்டைக் கூடவே பாட விரும்பிய சிறுவர் சிறுமியருக்கு அப்பாட்டின் வரிகளை முழுவதும் அச்சிட்டுக் கொடுத்தார். சினிமாக் கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் வாங்கிப் பழகிய நம் நாட்டு ரஸிகர்களுக்கு அந்த ஆசையின் வேகத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மாணவர்க்கு மிகவும் பயன்படக்கூடிய திருஷ்டாந்தம் இவற்றினும் எளிய ஒன்று. 1976-ஆம் ஆண்டுக் கோடையில், லண்டனில் வங்கிக் குமாஸ்தாவாக இருந்த மார்க் பெரி என்னும் இளைஞர், அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ரமோன்ஸ் குழுவின் இசையில் மனம் பறிகொடுத்து, அதைப் பற்றி எழுதுவதற்குத் தட்டச்சுப்பொறியையும் தடித்த மசிப்பேனாவையுமே கருவியாகக் கொண்டு, ‘ஸ்னிஃபின் க்ளூ’ என்ற சிறு பத்திரிகையை வெளியிட்டார். நகலெடுத்த தாள்களை மூலையில் பின்குத்திச் சேர்த்த அதற்கு முதலில் சில பிரதிகளே இருந்தன. 1977-இல் அவராகவே நிறுத்தியபோது அது ஆயிரக்கணக்கில் விலைபோய்க்கொண்டிருந்தது. கைப்பட எழுதிய கோணல் தலைப்பும் அடித்துத் திருத்திய தட்டச்சுப் பிழையும் அலங்காரத்துக்காக வைக்கப்பட்டவை அல்ல; நேற்றிரவு கேட்டதை இன்றே சொல்லிவிட வேண்டும் என்ற அவசரத்தின் அடையாளங்கள் அவை. முந்தின இரவு அதே கூடத்தில் நின்றவர்களே வாசகராதலால், அவர்களுக்கு அந்த அவசரம் உடனே விளங்கிற்று. இன்று அதே கோணலைக் கணினியில் ஓர் எழுத்துருவாகத் தெரிந்தெடுத்து இடும் மாணவரிடம், உனக்கு இவ்வளவு அவசரமாகச் சொல்ல வேண்டியது என்ன, யாரிடம் என்று பரிவோடு கேட்டால், அவருடைய பத்திரிகை அந்த நிமிஷத்திலேயே ஆரம்பமாகிவிடும்.

படிக்க இயலாமையையே ஓர் அழகாகக் கொள்ளும் மாணவர்களும் உண்டு. அவர்கள் அமெரிக்காவின் ‘ரே கன்’ இசைப் பத்திரிகையைச் சாட்சிக்கு அழைப்பார்கள். அதன் வடிவமைப்பாளர் டேவிட் கார்ஸன் 1994-இல், பாடகர் பிரையன் ஃபெர்ரியுடன் நிகழ்ந்த பேட்டி தமக்குச் சுவையற்றதாகப் பட்டமையால், அது முழுவதையும் எழுத்துகளுக்குப் பதிலாகக் குறிகளே அடங்கிய ஜாப் டிங்பாட்ஸ் அச்சில் கோத்துவிட்டார். இதைச் சொல்லும் ஆசிரியர், அதே பேட்டி அவ்விதழின் இறுதிப் பகுதியில் படிக்கத்தக்க எழுத்தில் மறுபடியும் இடம்பெற்றதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

வாசகரை எப்படிக் காண்பது? நாம் சிபாரிசு செய்யும் முறை மிகச் சுருக்கமானது. முதல் டமி, அதாவது மாதிரி இதழ், உருவான உடனேயே, பணியின் நடுவிலேயே, அதை உரிய அளவில் தாளில் அச்சிட்டு, மடித்து, அந்த இசையைக் கேட்கும் வழக்கமுள்ள ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, மாணவர் ஒன்றும் பேசாமல் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது தெளிவாக இருந்த ஒன்பது பாயிண்ட் எழுத்து, கறுத்த புகைப்படத்தின்மேல் வெள்ளையில் விழுந்து மசியால் அடைபட்டுப்போனது அப்பொழுதுதான் தெரியவரும். பொருளடக்கத்தில் ஒரு தலைப்பைக் கண்டு அந்தப் பக்கத்தைத் தேடிப் புரட்டுகிறவர், பக்க எண் படத்துக்குள் மறைந்திருப்பதால் திகைப்பதும், பேட்டியைத் தொடக்கத்திலிருந்து படியாமல், நடுவே பெரிய எழுத்தில் பிரித்து வைத்த பாடகியின் வாசகத்தைப் படித்துவிட்டு அது எங்கே வருகிறது என்று பின்னோக்கித் தேடுவதும் கண்ணெதிரே நிகழும். தமிழில் பக்கம் அமைப்பவர்க்கு இன்னுமொன்றும் பிரத்தியட்சமாகும்: ஆங்கிலப் பத்திரிகையைப் பார்த்து வகுத்த குறுகிய பத்திக்குள் ‘இசையமைப்பாளர்களுடைய’ என்ற ஒரு சொல்லே ஒரு வரியை நிரப்பிவிட, அடுத்த வரியிலுள்ள இரண்டு சொற்கள் இரு ஓரங்களுக்கும் விலகி நின்று நடுவே வெற்றிடம் வாய்திறக்க, வாசகரின் கண் அங்கே தடுக்கி விழுகிறது.

இவ்வாறு கண்டவற்றையும், கண்டதனால் மாற்றியவற்றையும், மாற்ற மறுத்தவற்றையும் அதற்குரிய நியாயத்தோடு எழுதினால் அதுவே சுயவிமரிசனம். அதற்கு 20 மதிப்பெண் போதாது என்றுகூட நாம் கருதுகிறோம். ஆகையால் பக்கங்களுக்கு மதிப்பெண் இடும் ஆசிரியர்கள், முடிந்த பக்கத்தோடு முதல் டமியையும் கேட்டு வாங்கி, இரண்டையும் அருகருகே வைத்து நோக்குமாறு வேண்டிக்கொள்கிறோம். அப்படிப்பட்ட இரட்டைகள் தங்கள் வகுப்பில் கிடைத்தால், மாணவரின் சம்மதத்துடனும் அவர் எழுதிய குறிப்புடனும் நமக்கு அனுப்பிவைக்க வேண்டும். அடுத்த இதழ் முதல் அவற்றை, பின்குத்திய துளையும் பேனாத் திருத்தமும் தெரியும்படி, உள்ளது உள்ளவாறே எதிரெதிர்ப் பக்கங்களில் வெளியிடுவோம்.