மலை நிலத்துக்குப் பொருந்துமா சமவெளி அளவுகோல்?

புதுதில்லி: நாடு முழுவதும் விவசாயிகளுக்கு இதுவரை 20 கோடிக்கும் மேற்பட்ட மண் வள அட்டைகள் வழங்கப்பட்டுள்ளன. ஆனால், இமயமலைச் சரிவுகளில் உள்ள படிக்கட்டு வயல்களின் உண்மை நிலையை அந்த அட்டைகள் காட்டுகின்றனவா என்ற கேள்வி எழுகிறது.

ராஜஸ்தான் மாநிலம் சூரத்கரில் 2015 பிப்ரவரி 19-ம் தேதி பிரதமர் நரேந்திர மோடி தொடங்கி வைத்த இத் திட்டத்தில், தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், போரான், கரிமச் சத்து, அமில காரத் தன்மை உள்பட 12 கூறுகள் பரிசோதிக்கப்படுகின்றன. பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கும், மானாவாரி நிலத்தில் 10 ஹெக்டேருக்கும் தலா ஒரு மாதிரி என்பது வழிகாட்டு நெறி. அப் பரப்புக்குள் அடங்கும் விவசாயிகள் அனைவருக்கும் ஒரே முடிவுதான் வழங்கப்படும்.

சமவெளியில் இம் முறையால் பெரும் பிழை நேராது. மலையின் கதை வேறு. உத்தரகண்ட் மலை மாவட்டங்களில் சாகுபடி நிலத்தின் பெரும்பகுதி மானாவாரி. அங்கு நிலத்தை அளக்கும் அலகு "நாலி". அதாவது 200 சதுர மீட்டர். 10 ஹெக்டேர் என்பது 500 நாலி. இப் பரப்புக்குள் உயரமும் சரிவும் மண்ணின் ஆழமும் மாறிவிடுகின்றன. வடக்கு நோக்கிய சரிவில் ஈரமும் கரிமச் சத்தும் நிற்கும். வெயில் காயும் தெற்குச் சரிவில் அவை குறையும். ஒரு பிடி மண் இத்தனைக்கும் சாட்சி சொல்ல இயலாது.

மலை வயலின் வளம் உர மூட்டையிலிருந்து வந்ததன்று. காட்டில் உதிரும் ஓக் இலைகளைச் சேகரித்து, மாட்டுக் கொட்டிலில் பரப்பி, சாணத்துடன் மக்கவைத்து வயலில் இடுவதே வழக்கம். இச் சங்கிலி இன்று அறுந்து வருகிறது. 2011-க்குப் பிறகு 734 கிராமங்களில் குடியிருப்போரே இல்லாமல் போயினர் என்று உத்தரகண்ட் மாநில இடப்பெயர்வு ஆணையம் 2018-ல் தெரிவித்தது. ஆள் இல்லாத ஊரில் மாடு இல்லை. மாடு இல்லாத ஊரில் எரு இல்லை. பராமரிப்பற்ற படிக்கட்டுகளின் மேல்மண்ணை மழை அடித்துச் செல்கிறது.

மேய்ச்சல் நிலங்கள் இக் கணக்கிலேயே வருவதில்லை. மண் வள அட்டை சாகுபடி நிலத்துக்கு மட்டுமே உரியது. ஆனால், இவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. கோடையில் உயர்மலைப் புல்வெளியில் மேயும் மந்தைகளை, குளிர்காலத்தில் இடையர்கள் அடிவாரத்துக்கு ஓட்டி வந்து வயல்களில் கிடை அமர்த்துவது ஹிமாசலப் பிரதேசத்தில் நெடுநாளைய வழக்கம். மந்தை குறைந்தால், வயலுக்குக் கிடைக்கும் எருவும் குறையும்.

மாற்று வழி அரசிடமே உள்ளது. 2019-20-ல் வட்டாரத்துக்கு ஒரு கிராமத்தைத் தேர்ந்து, ஒவ்வொரு விவசாயியின் நிலத்திலும் தனித்தனியே மாதிரி எடுக்கும் முன்னோடித் திட்டம் மேற்கொள்ளப்பட்டது. மலை மாவட்டங்கள் அனைத்துக்கும் அம் முறையை விரிவாக்கி, மேய்ச்சல் நிலங்களையும் அதில் சேர்ப்பதே பொருத்தமானது. கூடவே, கால்நடை வளர்ப்போர் மலையிலேயே தங்குவதற்கான ஆதரவும் தேவை. இல்லையேல், அட்டையில் குறை தெரியும். அதை நிரப்ப எரு இராது.