திரும்பி வந்தவர்களையும் நினைவில் வைக்க வேண்டி: கோரிக்கை மனு

அனுப்புநர்: தலைவர், செயலாளர், உறுப்பினர்கள், முன்னாள் படைவீரர்கள் மற்றும் குடும்பத்தினர் சங்கம், பென்னாகரம் வட்டம்.

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், தருமபுரி.

நகல்: மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம், தருமபுரி.

பொருள்: பணி முடித்து ஊர் திரும்பிய படைவீரர்களின் வாழ்க்கையைப் பதிவு செய்தல், குடும்ப ஓய்வூதியப் பெயர்ப் பிழைகளைத் திருத்துதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் சென்ற மாதம் தம் வீட்டுத் திண்ணையில் காலமானார். பெயர், படை எண் முதலிய விவரங்கள் இணைப்பில் உள்ளன. சீனப் போர் முடிந்த மறு வருஷம், 1963-இல், பெங்களூருக்குப் பஸ் ஏறி, ராணுவப் பொறியாளர் பிரிவான மதராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தவர். தருமபுரி சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-இல்தான். அதனால் அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் சொந்த மாவட்டம் இன்றைக்கும் சேலம்.

1971 டிசம்பரில், பாகிஸ்தான் போரின்போது, ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றைத் தாண்டி டாங்கிகள் போக, கண்ணிவெடி புதைத்த நிலத்தில் வழி திறந்தவர்கள் மதராஸ் சாப்பர்கள். இவரும் அங்கே இருந்தார். அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஆனால் கொல்லையில் நிலக்கடலை பிடுங்கும்போது பார்த்திருக்கிறோம். மண்வெட்டியை ஓங்கிப் போடவே மாட்டார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலால் மண்ணைத் தடவி, கம்பியைச் சாய்வாக இறக்கித்தான் கிளறுவார். பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். எங்களில் சாப்பராக இருந்த யாரும் சிரித்ததில்லை.

தம் மூன்று பெண்களோடு, இறந்துபோன தம்பியின் இரண்டு பையன்களையும் பென்ஷனிலும் இரண்டு ஏக்கர் ராகியிலும் ஆளாக்கினார். மனைவிக்குக் கைகால் விழுந்த பிறகு பதினோரு வருஷம் அவரே சமைத்தார், அவரே குளிப்பாட்டினார். காலையில் திண்ணையில் உட்காரவைத்துத் தலைவாரிப் பின்னிவிடுவதைத் தெருவே பார்த்திருக்கிறது. பட்டாளத்தில் கம்பளி மடித்த கை. பின்னலும் ஓர் இழை பிசகாது.

நம் மாவட்டம் நடுகற்களுக்குப் பேர்போனது. ஆநிரை மீட்கப் போரிட்டு விழுந்தவனுக்குக் கல் நட்டு, இன்னான் 'பட்டான்' என்று வெட்டிவைத்தார்கள். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், கள்ளரைக் கடித்துக் காத்துநின்ற நாய்க்குக்கூடக் கல்லில் பெயர் இருக்கிறது: கோவிவன். டெல்லியில் 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னத்திலும் வீழ்ந்தவர்களின் பெயர்களே உள்ளன, அது முறைதான். முதல் உலகப் போருக்குப் பின் வெள்ளைக்காரர்கள் பல ஊர்களில் பதித்த சலவைக்கல்லில், போனவர் இத்தனை பேர், இறந்தவர் இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும் உண்டு. எங்கள் ஆள் படவில்லை. திரும்பி வந்து ஐந்து பிள்ளைகளை வளர்த்தார். அப்படிப்பட்டவருக்கு எந்தக் கல்லிலும் இடமில்லை, எந்தப் பதிவேட்டிலும் நாலு வரி இல்லை.

ஆகவே, ஊராட்சிதோறும் படைவீரர் பதிவேடு ஒன்று தொடங்க உத்தரவிட வேண்டுகிறோம். எந்தப் பிரிவில் இருந்தார், எங்கே பணியாற்றினார், ஊர் திரும்பி என்ன செய்தார் என்ற விவரம் அதில் இருக்கட்டும். ஆகஸ்ட் 15 கிராம சபையில் அதை ஊரார் முன் வாசிக்கட்டும். 1962, 1965 காலத்தில் சேர்ந்தவர்கள் எண்பதைத் தொட்டுவிட்டார்கள். தருமபுரி அரசு கலைக் கல்லூரி மாணவர்களைக் கொண்டு அவர்கள் பேச்சை ஒலிப்பதிவு செய்யலாம். செலவு பெரிதல்ல, செல்போன் போதும். நாளைக் கடத்தக் கூடாது, அவ்வளவுதான்.

இறந்தவர் மேல் மூவர்ணக் கொடி போர்த்தச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அதற்கு விதி உண்டு என்பது எங்களுக்குத் தெரியும். கிராம நிர்வாக அலுவலர் ஒரு மாலையோடு வந்து நின்றால் போதும்.

இனி அவசரமான ஒன்று. இவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் இன்னும் வரவில்லை. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இருப்பது வீட்டில் கூப்பிடும் பெயர். ஆதாரில் வேறு பெயர். இரண்டும் ஒருவரே என்று காட்ட மகள் மூன்று அலுவலகங்கள் ஏறி இறங்கிவிட்டார். ஓரிடத்தில், "அம்மாவை நேரில் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார்களாம். எழுந்து உட்காரவே ஆள் வேண்டியவரை! இதே சிக்கலில் எங்கள் வட்டத்திலேயே வேறு சில விதவைகளும் தவிக்கிறார்கள். வருவாய்த் துறையும் முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் சேர்ந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டத் தலைநகரில் முகாம் நடத்தி, நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே விசாரணை செய்து சான்று வழங்க வேண்டும்.

தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களுக்குப் பக்கத்தில் ஓர் அலமாரி இடம் தந்தால், அவருடைய டிரங்குப் பெட்டியைக் கொடுக்கக் குடும்பத்தார் சம்மதித்திருக்கிறார்கள். மூடியின் உட்புறம் வெள்ளைப் பெயின்டில் படை எண். அதன் கீழே ஐந்து பிள்ளைகளின் பிறந்த தேதிகளைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். பென்சில் எழுத்து மங்கிவருவதால் இம்மனு மீது விரைந்து ஆணையிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சங்கத் தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

இணைப்பு: டிஸ்சார்ஜ் புத்தக நகல், இறப்புச் சான்று, மனைவியின் ஆதார் நகல்.