பீட்ரூட்டுக்குப் பாரீஸில் மரியாதை, ஒரகடத்தில்?

பாரீஸ் நகரத்தில் வரேன் தெருவில் ஆர்பேஜ் என்று ஒரு உணவகம் இருக்கிறது. ராத்திரி ஒரு வேளை அங்கே சாப்பிட ஒரு ஆளுக்கு 400 யூரோவுக்கு மேல் ஆகும். நம்ம பணத்துக்கு ஏறக்குறைய 40,000 ரூபாய். இவ்வளவு காசு வாங்கிக்கொண்டு தட்டில் என்னதான் வைக்கிறார்கள்? பீட்ரூட், வெங்காயம், கேரட், தக்காளி, கீரை. நம்ம சந்தையில் கூறு கட்டி விற்கிற அதே சரக்குதான்.

ஆலன் பசார் என்ற சமையல்காரர் 1986இல் தொடங்கிய உணவகம் இது. இறைச்சி சமைப்பதில் பேர் எடுத்தவர். 1996இல் மிச்செலின் கையேட்டின் மூன்று நட்சத்திரம் கிடைத்தது. சமையல் உலகத்தில் அதற்கு மேல் பட்டம் இல்லை. 2001இல் திடீரென்று, ‘ஆடு, மாட்டு இறைச்சியை நிறுத்துகிறேன், இனி காய்கறிக்குத்தான் முதல் இடம்’ என்று அறிவித்தார். கடை படுத்துவிடும் என்று பேசினார்கள். படுக்கவில்லை. மூன்று நட்சத்திரமும் அப்படியே இருந்தது. 2025 ஜூலையில் மீன், முட்டை, பால், வெண்ணெய் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். தேன் மட்டும் பாக்கி.

அவர் கைப்பக்குவம் பெரிசுதான். ஆனால் உழவர்களாகிய நாம் பார்க்க வேண்டியது அடுப்பை இல்லை, அதற்கு முன்னால் அவர் செய்த வேலையை. 2002இல் பாரீஸிலிருந்து 200 கிலோமீட்டர் தள்ளி, சார்த் பகுதியில் ஃபியே என்ற ஊரில் தோட்டம் போட்டார். ரசாயன உரம் இல்லை, பூச்சிக்கொல்லி இல்லை. டிராக்டருக்குப் பதில் குதிரை ஏர். பிறகு யூர், மான்ஷ் பகுதிகளிலும் தோட்டம் வந்தது. மண்ணுக்கு மண் காயின் ருசி மாறும் என்பதால் மூன்று இடம். காலையில் பறித்த காய் ரயிலேறி மத்தியானச் சமையலுக்கு வந்துவிடும். ஒரு முழு பீட்ரூட்டைக் கல்லுப்புக்குள் புதைத்துச் சுட்டு, விருந்தாளி முன்னால் உடைத்து வைப்பார்கள். உப்பைத் தவிர அதில் பெரிதாக ஒன்றும் சேர்ப்பதில்லை. மண்ணும் காயும் நன்றாக இருந்தால் மசாலாவுக்கு வேலை இல்லை என்பது நம்ம பாட்டிகளுக்குத் தெரிந்த சேதி.

‘பணக்காரன் சோத்துக்கதை நமக்கெதுக்கு?’ என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

அந்த நட்சத்திரம் கொடுக்கிற மிச்செலின், டயர் கம்பெனி. வண்டி ஓடினால்தான் டயர் தேயும், டயர் தேய்ந்தால்தான் வியாபாரம். அதற்காகவே 1900இல் வண்டிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டார்கள். 1926இல் நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் போட ஆரம்பித்தார்கள். அதே மிச்செலினுக்கு நம்ம திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய் கண்டிகையில் டயர் ஆலை இருக்கிறது. அந்த சிப்காட்டுக்காக ஆயிரம் ஏக்கருக்கு மேல் மேய்ச்சல் நிலமும் காடும் போனது. ஆடு மாடு மேய்த்துப் பிழைத்த மக்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். 2012இல் அவர்கள் புகார் பிரான்ஸ் வரைக்கும் போனது. பாரீஸில் காய்கறிக்கு மகுடம் சூட்டுகிற பெயர், இங்கே மேய்ச்சல் காட்டின் மேல் எழுந்த ஆலையின் வாசலில் தொங்குகிறது.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வாருங்கள். கண்ணாடி செய்கிற செயின்ட் கோபைன் பிரெஞ்சுக் கம்பெனி. 2010இல் திறந்த ரெனோ நிசான் கார் ஆலையிலும் பிரெஞ்சு முதலீடு. கொரியா, ஜெர்மனி, தைவான் கம்பெனிகளும் இருக்கின்றன. லட்சக்கணக்கானவர்கள் வேலை செய்கிற இந்தப் பட்டையில், அவர்கள் தட்டுக்கு வருகிற காய் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஒட்டன்சத்திரம், கோலார், மதனப்பள்ளி என்று லாரியேறி, கோயம்பேட்டில் இறங்கி, கைமாறிக் கைமாறி வருகிறது. கேண்டீன் சுவருக்கு அந்தப் பக்கம் ஏரிப்பாசனக் கழனி. அதில் கத்தரியும் வெண்டையும் போடுகிறவர், விலை கிடைக்காமல் நிலத்தைத் தரிசாகப் போட்டு, மனைத் தரகருக்காகக் காத்திருக்கிறார்.

2021 டிசம்பரை மறந்திருக்க மாட்டீர்கள். ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு நஞ்சாகி 150 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூன்று வாரத்துக்கு மேல் மூடிக் கிடந்தது. அவர்களில் எத்தனையோ பேர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். ஊரில் விளைவித்துச் சாப்பிட்ட பிள்ளைக்கு இங்கே நல்ல சோறு கேட்டு ரோட்டில் உட்கார வேண்டிய நிலைமை.

‘கம்பெனி வந்ததால்தானே வேலை வந்தது?’ என்பார்கள். வந்தது, மறுக்கவில்லை. பல குடும்பத்தில் கடன் அடைந்தது அந்தச் சம்பளத்தில்தான். ஆனால் வேலைக்குப் போகிறவரும் மூன்று வேளை சாப்பிட வேண்டுமே! அந்தச் சாப்பாடு உள்ளூர்க் கழனியிலிருந்து வந்தால் கம்பெனிக்கு என்ன நஷ்டம்?

கணக்கு போடுவோம். ஒரு வேளைக்கு ஒரு ஆளுக்கு 150 கிராம் காய். 10,000 பேருக்கு ஒன்றரை டன். தினமும் ஒன்றரை டன் காய் வாங்க ஆள் இருக்கிறது என்று விதைப்பதற்கு முன்னாலேயே தெரிந்தால் எந்த உழவர் நிலத்தை விற்பார்?

எனவே நம் கோரிக்கை மூன்று. ஒன்று, ஆலை கேண்டீன்களும் விடுதிகளும் தங்கள் காய்கறியில் ஒரு பங்கையாவது 30 கிலோமீட்டருக்குள் இருக்கிற இயற்கை உழவர் குழுக்களிடம், பருவத்துக்கு முன்பே பேசிய விலையில் வாங்க வேண்டும். சிப்காட்டில் இடம் கொடுக்கும்போதே அரசு இதை நிபந்தனையாக்கலாம். இரண்டு, கேண்டீன் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு இடம் தர 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 46ஆவது பிரிவே வழி சொன்னது. அந்தக் குழுக்கள் நிஜமாக இயங்க வேண்டும், காய் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். மூன்று, இருக்கிற ஆயக்கட்டு நிலத்தில் இனி கை வைக்கக் கூடாது. பரந்தூர் விமான நிலையத்துக்கு 5,000 ஏக்கருக்கு மேல் கேட்கிறார்கள். ஏகனாபுரம் மக்கள் 2022இலிருந்து வேண்டாம் என்று தீர்மானம் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஏரியும் கழனியும் போய்விட்டால் மேலே சொன்ன இரண்டு கோரிக்கைக்கும் பொருளே இல்லை.

பசார் மாதிரி 40,000 ரூபாய்க்குச் சாப்பாடு போடும்படி யாரையும் கேட்கவில்லை. காலையில் பறித்த காய் மத்தியானம் தட்டுக்கு வர அவருக்கு 200 கிலோமீட்டர் ரயில் தேவைப்பட்டது. நமக்கு ஒரு டிவிஎஸ் எக்செல் போதும்.

மே 1ஆம் தேதி தொழிலாளர் தினத்தில் கிராம சபை கூடும். ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர், வாலாஜாபாத் வட்டாரத்துத் தோழர்கள் இதைத் தீர்மானமாக எழுதி எடுத்துப் போங்கள். ஆலையில் வேலை செய்கிற உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.